மேப் வாரியான கணிப்புச் சந்தை: விலையைப் பார்க்கும் முன் உங்கள் எண்ணைப் போடுவது எப்படி

கணிப்புச் சந்தையில் ஒரு முடிவின்மேல் ஒப்பந்தம் வாங்குகிறோம்: அது நடந்தால் 1 டாலர், நடக்காவிட்டால் பூஜ்யம், விலை சென்ட்டில் ஓடும். கவுண்டர்-ஸ்ட்ரைக் போன்ற மின்விளையாட்டில் ஒரு பிஓ3 ஆட்டம் (மூன்று மேப்பில், அதாவது மூன்று ஆட்டக்களங்களில், இரண்டை முதலில் எடுப்பவர் வெற்றி) நடக்கிறது. அதை எந்த அணி வெல்லும் என்பது ஒரு கேள்வி. அதே ஆட்டத்தின் இரண்டாவது மேப்பை யார் எடுப்பார்கள் என்பது முற்றிலும் வேறு கேள்வி. தரவரிசையில் நன்றாக முன்னால் நிற்கும் அணிகூட, எதிரணி தேர்ந்தெடுத்த மேப்பில் பின்தங்கிய நிலையில்தான் தொடங்கும். பலர் ஆட்டத்தின் விலையைப் பார்த்து, அதையே நாலைந்து சென்ட் கூட்டியோ குறைத்தோ மேப்புக்கும் வைத்துவிடுகிறார்கள். மேப் சந்தையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. மேப்புக்கு என்று தனிக் கணக்கு உண்டு. அதைத் தாளில் போட்டு முடித்த பிறகுதான் திரையில் ஓடும் விலையைப் பார்க்க வேண்டும். விலையை முதலில் பார்த்துவிட்டால் உங்கள் எண் தானாகவே அதை நோக்கி நகரும். பிறகு போடும் கணக்கெல்லாம் அதை நியாயப்படுத்தத்தான் உதவும்.

கீழே உள்ளவை கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ஐ மையமாக வைத்து எழுதியவை. வாலரன்டுக்குப் பெரும்பகுதி பொருந்தும். டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இரண்டும் வேறு கதை. அவற்றுக்குத் தனியாக வருவோம்.

தொடங்கும் முன் ஒன்று. பணம் வைக்கும் கணிப்புச் சந்தைகள் சில நாடுகளில் உரிமத்தோடு நடக்கின்றன, சில நாடுகளில் சட்டப்படி தடை. நீங்கள் இருக்கும் நாட்டில் தடை என்றால் விபிஎன் போட்டு உள்ளே போக நினைக்காதீர்கள். பணம் போடும்போது ஒன்றும் கேட்க மாட்டார்கள். எடுக்கும்போது அடையாளச் சரிபார்ப்பில் கணக்கு முடங்கும். இங்கே சொல்லும் முறை முழுவதையும் மேனிஃபோல்ட் போன்ற விளையாட்டுப் பணத் தளங்களிலோ வெறும் நோட்டுப் புத்தகத்திலோ அப்படியே செய்து பார்க்கலாம். புதிதாக வருபவர்கள் அப்படித்தான் தொடங்க வேண்டும்.

தீர்வு விதி

சந்தைப் பக்கத்தில் கேள்வியின் தலைப்பு பெரிய எழுத்தில் இருக்கும். தீர்வு விதி கீழே சிறிய எழுத்தில் இருக்கும். பணம் போவதும் வருவதும் அந்தச் சிறிய எழுத்தின்படிதான். மேப் சந்தையில் குறிப்பாகப் பார்க்க வேண்டியவை இவை.

மூன்றாவது மேப் ஆடப்படாமல் போனால் என்ன ஆகும்? ஆட்டம் 2-0 என்று முடிந்தால் மேப் 3 என்பதே கிடையாது. சில சந்தைகளில் இரு பக்கமும் 50 சென்ட்டில் தீரும், சிலவற்றில் போட்ட பணம் திரும்பும், சிலவற்றில் ‘இல்லை’ என்று தீரும். மூன்றுக்கும் நியாயமான விலை வெவ்வேறு. மேப் 3 நடந்தால் அ அணி வெல்லும் வாய்ப்பு 60 சதவீதம், மேப் 3 நடக்கும் வாய்ப்பு 50 சதவீதம் என்று வையுங்கள். பணம் திரும்பும் விதியில் நியாய விலை 60 சென்ட். 50-50 விதியில் 55 சென்ட். ‘இல்லை’ என்று தீரும் விதியில் வெறும் 30 சென்ட். விதியைப் படிக்காமல் 45 சென்ட்டுக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவர், மூன்றாவது விதியில் ஒன்றரை மடங்கு கொடுத்திருப்பார்.

அடுத்தது, மேப் எண் எதைக் குறிக்கிறது? சில போட்டிகளில் இறுதியாட்டம் பிஓ5 (ஐந்தில் மூன்று) ஆக இருந்து, மேல் கிளையிலிருந்து, அதாவது ஒரு ஆட்டமும் தோற்காமல், வரும் அணிக்கு ஒரு மேப் முன்னிலை கொடுக்கப்படும். அப்போது ‘மேப் 1’ என்பது ஆடாமலே கொடுக்கப்பட்ட மேப்பா, உண்மையில் முதலில் ஆடப்படும் மேப்பா? விதியில் தெளிவாக எழுதியிருக்காவிட்டால் அந்தச் சந்தையைத் தொடவே வேண்டாம்.

பிறகு வாக்ஓவர் (எதிரணி ஆட வராமல் கிடைக்கும் வெற்றி), பாதியில் விலகல், தொழில்நுட்பக் கோளாறால் மறுநாளுக்குத் தள்ளிப்போன ஆட்டம், மாற்று வீரர். பெரும்பாலான விதிகளில் மாற்று வீரர் இறங்கினாலும் சந்தை செல்லும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு முக்கிய ஸ்னைப்பருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் உங்கள் பழைய ஆர்டர் அப்படியே நின்று, செய்தி தெரிந்தவர் கையில் மாட்டும்.

யார் தீர்க்கிறார்கள் என்பதும் முக்கியம். கால்ஷி என்ற சந்தைத் தளத்தில் தளமே தீர்க்கிறது. பாலிமார்க்கெட் என்ற தளத்தில் பல சந்தைகள் யூமா என்ற ஆரக்கிள் (தளத்துக்கு வெளியே முடிவை உறுதி செய்யும் அமைப்பு) வழியாகத் தீர்கின்றன: ஒருவர் பிணைத்தொகை கட்டி முடிவை முன்மொழிவார், மறுப்பு தெரிவிக்க வழக்கமாக 2 மணி நேரம் இருக்கும், மறுப்பு வந்தால் விவகாரம் நீளும், வாக்கெடுப்பு வரைகூடப் போகும். அதனால் மேப் 1-இல் வந்த பணத்தை எடுத்து மேப் 2-இல் போடலாம் என்று திட்டமிடாதீர்கள். அது நேரத்துக்குக் கைக்கு வராது.

விலை என்று எதைச் சொல்கிறோம்

ஒரு ஒப்பந்தம் வென்றால் 1 டாலர், தோற்றால் பூஜ்யம். 59 சென்ட் விலை என்றால் சந்தை சுமார் 59 சதவீத வாய்ப்பைச் சொல்கிறது. ‘சுமார்’ என்ற அந்தச் சொல் மேப் சந்தையில் ரொம்பவே கனமானது. ஆட்டச் சந்தையில் வாங்குபவர்கள் 58, விற்பவர்கள் 59 என்று நெருக்கமாக இருக்கும் ஆர்டர் புக் (காத்து நிற்கும் ஆர்டர்களின் பட்டியல்), அதே ஆட்டத்தின் மேப் 2-இல் வாங்குபவர்கள் 54, விற்பவர்கள் 59 என்று வாய் பிளந்து நிற்கும். அங்கே 59-இல் தொங்குவது முப்பது நாற்பது ஒப்பந்தமாக இருக்கும்; அதைத் தாண்டினால் அடுத்த விலை 63 ஆக இருக்கலாம். கிடைக்கும் விலைக்கு உடனே வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் உங்கள் சராசரி விலை எங்கேயோ போய் நிற்கும். மேப் சந்தையில் எப்போதும் உச்ச விலையை நீங்களே குறிக்கும் லிமிட் ஆர்டர்தான். விதிவிலக்கு இல்லை.

கட்டணத்தையும் சேர்த்துத்தான் விலை. கால்ஷியின் பொதுவான சூத்திரம் இது: 0.07-ஐ ஒப்பந்த எண்ணிக்கையால் பெருக்கி, விலையால் பெருக்கி, 1-இலிருந்து விலையைக் கழித்ததால் பெருக்கி, சென்ட்டுக்கு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். 59 சென்ட்டில் 100 ஒப்பந்தம் எடுத்தால் 0.07 × 100 × 0.59 × 0.41, அதாவது 1.6933. கட்டணம் 1.70 டாலர். ஆக உங்கள் உண்மையான விலை 60.7 சென்ட். விலை 50-ஐ நெருங்கும்போதுதான் இந்தக் கட்டணம் உச்சத்தில் இருக்கும், மேப் சந்தைகள் பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் இடையில்தான் ஓடும். கட்டண அட்டவணைகள் மாறக்கூடியவை. உங்கள் தளத்தின் இன்றைய அட்டவணையைப் பார்த்து எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மேப்புக்கு எண் போடுவது

தரவு எங்கே கிடைக்கும் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே: கவுண்டர்-ஸ்ட்ரைக்குக்கு எச்எல்டிவி, வாலரன்டுக்கு விஎல்ஆர், எல்லாவற்றுக்கும் லிக்விபீடியா ஆகிய இணையதளங்கள். கடினமான பகுதி அந்தத் தரவை எவ்வளவு நம்புவது என்பது.

ஒரு அணி நியூக் என்ற மேப்பில் 8 முறை ஆடி 6 வென்றிருக்கிறது. 75 சதவீதம் என்று பக்கம் காட்டும். 8 ஆட்டத்தில் வந்த 75 சதவீதத்தை அப்படியே எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். செய்ய வேண்டியது இது: அந்த அணி பொதுவாக எந்த மேப்பிலும் வெல்லும் விகிதத்தை எடுங்கள்; அது 55 சதவீதம் என்று வைப்போம். அந்த விகிதத்தில் 10 கற்பனை ஆட்டங்களைச் சேருங்கள். 6 வெற்றியோடு 5.5 சேர்த்தால் 11.5, 8 ஆட்டத்தோடு 10 சேர்த்தால் 18. வகுத்தால் 64 சதவீதம். ஆடிய மேப் எண்ணிக்கை கூடக்கூட இந்த 10-இன் செல்வாக்கு தானாகக் கரையும். 10 என்பது வேத வாக்கு அல்ல. 8 வைக்கலாம், 15 வைக்கலாம். வைக்காமல் விடுவதுதான் தவறு.

எதிரணிக்கும் அதே வேலை. ஆ அணி நியூக்கில் 9 ஆடி 4 வென்றிருக்கிறது, பொது விகிதம் 50. 4-உடன் 5 சேர்த்து 9, 9-உடன் 10 சேர்த்து 19, 47 சதவீதம். இப்போது இரண்டையும் மோதவிட வேண்டும். ஒவ்வொருவரின் வெற்றி பங்கையும் தோல்வி பங்கால் வகுத்தால் அ அணிக்கு 11.5/6.5, அதாவது 1.77, ஆ அணிக்கு 9/10, அதாவது 0.9. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.97. இதை மீண்டும் சதவீதமாக்க, 1.97-ஐ 2.97-ஆல் வகுக்க வேண்டும்: 66 சதவீதம். நியூக்கில் இந்த இரண்டு அணிகளுக்கிடையே அ அணியின் வாய்ப்பு அதுதான். இரு அணிகளும் ஏறக்குறைய ஒரே தரத்து எதிரிகளோடு ஆடியிருந்தால் மட்டும் இது சரியாக வரும். ஒன்று உச்ச மட்டத்திலும் மற்றொன்று தகுதிச் சுற்றுகளிலும் ஆடியிருந்தால் பொது விகிதங்களை முதலில் சரிசெய்ய வேண்டும்.

ஒரு மேப் பல ரவுண்டுகளால் ஆனது, முதலில் 13 ரவுண்டு எடுப்பவருக்கு மேப். வெற்றி தோல்வியைவிட இந்த ரவுண்டு விகிதம் பயனுள்ள தரவு. 13-11, 13-3 இரண்டும் பட்டியலில் ஒரே ‘வெற்றி’. உள்ளே இருக்கும் செய்தி வேறு. 24 ரவுண்டு அளவில், ஒரு ரவுண்டை வெல்லும் வாய்ப்பு 52 சதவீதம் என்றால் மேப்பை வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 58. 54 என்றால் ஏறக்குறைய 65. உண்மையில் இது இன்னும் கொஞ்சம் 50 பக்கம் இழுபடும், ஏனென்றால் ரவுண்டுகள் தனித்தனியானவை அல்ல. ஒரு பிஸ்டல் ரவுண்டு (பாதி தொடங்கும்போது கைத்துப்பாக்கியோடு ஆடும் ரவுண்டு) போனால் துப்பாக்கி வாங்கப் பணம் இல்லாமல் அடுத்ததும் போகும். ரவுண்டுகள் கொத்தாக வந்து போகும்போது பலவீனமான அணிக்கு அதிர்ஷ்டம் அடிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

பழைய தரவில் இரண்டு கோடுகளைக் கிழித்துக்கொள்ளுங்கள். முதல் கோடு 2023: கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தபோது முதலில் 16 எடுப்பவர் வெற்றி என்பது முதலில் 13 எடுப்பவர் வெற்றி என்று மாறியது. மேப் குறுகினால் பிஸ்டல் ரவுண்டின் எடை கூடும். அதற்கு முந்தைய எண்களை இன்றைய மேப்போடு சேர்க்காதீர்கள். இரண்டாவது கோடு, மேப் தொகுப்பு, அதாவது போட்டிகளில் ஆடப்படும் ஏழு மேப்பின் பட்டியல், மாறும் ஒவ்வொரு முறையும். 2025 ஜனவரியில் வெர்டிகோ போய் ட்ரெயின் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அனுபிஸ் போய் ஓவர்பாஸ் வந்தது. புதிதாக வந்த மேப்பில் முதல் சில வாரங்களில் யார் கையிலும் தரவு இல்லை. அங்கே பொது விகிதத்தை மட்டும் நம்பி, ஸ்டேக்கை (போடும் தொகையை) பாதியாக்கிக்கொள்வது நல்லது. அணியில் ஆள் மாறினாலும் அதே கதைதான், அதிலும் ஆட்டத்துக்குள் அணியை நடத்தும் வீரரான ஐஜிஎல் மாறினால் முந்தைய மேப் எண்களில் பாதிக்கு மேல் செல்லாக் காசு.

வீட்டோ

மேப் சந்தையின் பெரும்பகுதி வீட்டோவில், அதாவது இரு அணிகளும் மாறி மாறி மேப்புகளை நீக்கித் தேர்வு செய்வதில்தான் தீர்கிறது. பிஓ3-இல் 7 மேப். அ நீக்கும், ஆ நீக்கும், அ தேர்வு செய்யும், ஆ தேர்வு செய்யும், பிறகு இரு அணிகளும் இன்னும் ஒவ்வொன்றை நீக்கும், மிஞ்சுவது மூன்றாவது மேப். ஒருவர் தேர்ந்தெடுத்த மேப்பில் எந்தப் பக்கம் (தாக்குதலா, தற்காப்பா) தொடங்குவது என்பதை எதிரணி முடிவு செய்யும். முதல் நீக்கம் யாருடையது என்பதைப் போட்டியின் விதிப்புத்தகம் சொல்லும். வழக்கமாக மேல்நிலையில் உள்ள அணிக்கு அந்தத் தேர்வு கிடைக்கும். இதைத் தவறாக எடுத்தால் மேப் 1-உம் மேப் 2-உம் இடம் மாறிவிடும். கணக்கெல்லாம் சரியாக இருந்து, எதிர்ப்பக்கத்தை வாங்கி வைத்திருப்பீர்கள்.

வீட்டோவுக்கு முன்பே மேப் 1 சந்தை திறந்திருக்கும். அப்போது அந்தச் சந்தை எந்த மேப் என்றே தெரியாத ஒரு கலவை. கலவைக்கு விலை போடுவது இப்படி. 2025 பிற்பகுதியின் தொகுப்பை எடுப்போம்: ஏன்ஷியன்ட், டஸ்ட்2, இன்ஃபெர்னோ, மிராஜ், நியூக், ஓவர்பாஸ், ட்ரெயின். ஒவ்வொரு அணியின் கடைசி பத்துப் பதினைந்து வீட்டோக்களையும் எழுதி வைத்தால், எப்போதும் நீக்கும் மேப் ஒன்று பளிச்சென்று தெரியும். அ அணி ஓவர்பாஸை எப்போதும் நீக்குகிறது, ஆ அணி ட்ரெயினை நீக்குகிறது என்று வைப்போம். மிஞ்சிய ஐந்தில் அ அணியின் தேர்வு 60 சதவீதம் நியூக், 40 சதவீதம் ஏன்ஷியன்ட். மேலே போட்ட முறையில் நியூக்கில் 66, ஏன்ஷியன்ட்டில் 57 என்று வந்தால், கலவை விலை 0.6 × 66 + 0.4 × 57. அதாவது 62.4 சென்ட்.

இப்போது விற்பனை விலை 59, கட்டணத்தோடு 60.7. உங்கள் எண் 62.4. இடைவெளி 1.7 சென்ட்தான். உங்கள் கணக்கின் பிழையே மூன்று நான்கு சென்ட் இருக்கும், இதை விட்டுவிடுங்கள். வீட்டோ வரும்வரை காத்திருந்தால் கலவை பிரியும். நியூக் என்று அறிவிப்பு வந்து, ஆர்டர் புக்கில் இன்னும் 59 நின்றுகொண்டிருந்தால் அது வாங்க வேண்டிய விலை. ஏன்ஷியன்ட் என்று வந்தால் அதே 59 வாங்கக் கூடாத விலை. மெல்லிய (ஆர்டர்கள் குறைந்த) சந்தைகளில் இந்தப் பழைய ஆர்டர்கள் சில நிமிடங்கள் வரை நிற்பதுண்டு. அதே காரணத்தால், வீட்டோவுக்கு முன் நீங்கள் போட்ட ஆர்டர்களை வீட்டோ தொடங்கும் நேரத்தில் ரத்து செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பழைய ஆர்டர் உங்களுடையதாக இருக்கும்.

எப்போதும் நீக்கும் மேப்பை ஒரு அணி திடீரென நீக்காமல் விடுவதும் உண்டு. பயிற்சி முகாம் முடிந்து வந்த அணி, புதுப் பயிற்சியாளர் வந்த அணி ஆகியவற்றில் இது அதிகம். அப்படி நடந்தால் பழைய எண்ணைத் தூக்கிப் போடுங்கள். ரகசியமாகத் தயார் செய்த மேப்பைத்தான் இப்படித் திறப்பார்கள்.

மூன்று மேப்பும் ஆட்ட விலையும்

எனக்குப் பிடித்த பகுதி இது. மேப் சந்தையில் உருப்படியான தவறுகள் இங்கேதான் தட்டுப்படும். மூன்று மேப்பின் வாய்ப்புகளும் ஆட்டத்தின் வாய்ப்பும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. அ அணிக்கு மேப் 1-இல் 0.62, மேப் 2-இல் 0.44, மேப் 3-இல் 0.53 என்றால்:

முதல் இரண்டையும் வெல்வது: 0.62 × 0.44 = 0.273
மேப் 1 வென்று, 2 தோற்று, 3 வெல்வது: 0.62 × 0.56 × 0.53 = 0.184
மேப் 1 தோற்று, 2, 3 வெல்வது: 0.38 × 0.44 × 0.53 = 0.089

கூட்டினால் சுமார் 0.545. ஆட்டத்துக்கு நியாய விலை 54 அல்லது 55 சென்ட். மேப் 3 வரை போகும் வாய்ப்பு 0.514, மேலே சொன்ன தீர்வு விதிக் கணக்குக்கு இந்த எண்தான் வேண்டும்.

இதைத் திருப்பியும் போடலாம். மேப் 1 சந்தையில் 62, மேப் 2-இல் 44, ஆட்டச் சந்தையில் 60 ஓடுகிறது என்றால், மேப் 3-க்கு சந்தை என்ன நினைக்கிறது? 0.60-இலிருந்து 0.273 கழித்து, 0.514-ஆல் வகுத்தால் 0.64. மிஞ்சும் மேப்பில் அ அணிக்கு 64 சதவீதமா? வீட்டோ பட்டியலைப் பாருங்கள். இரு அணிகளும் நன்றாக ஆடும் மிராஜ் மிஞ்சுகிறது என்றால் அந்த 64-க்கு ஆதாரம் இல்லை. ஒன்று ஆட்ட விலை ஏறிக் கிடக்கிறது, இல்லை மேப் விலைகளில் ஒன்று இறங்கிக் கிடக்கிறது. எது தவறு என்பதைச் சூத்திரம் சொல்லாது. நீங்கள்தான் மேப் மேப்பாகப் பார்க்க வேண்டும். பொதுவாகப் பணம் அதிகம் புழங்கும் ஆட்டச் சந்தை சரியாக இருக்கும், ஆள் இல்லாத மேப் 2 தவறாக இருக்கும்.

வேகமாகச் சரிபார்க்க ஒரு சிறு அட்டவணை மனதில் இருந்தால் போதும். மூன்று மேப்பிலும் வாய்ப்பு 55 என்றால் பிஓ3-இல் 57 அல்லது 58. 60 என்றால் 65. 65 என்றால் 72. 70 என்றால் 78. பிஓ5-இல் 60 என்பது 68 ஆகும். ஆட்டத்தில் 65 சென்ட் ஓடும் அணியின் மேப் விலைகள் 65-ஐச் சுற்றி இருந்தால் அங்கே யாரோ ஆட்ட விலையை நகல் எடுத்திருக்கிறார்கள். சராசரி 60-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

சூத்திரம் மேப்புகளைத் தனித்தனியாக நடப்பவை என்று எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் மேப் 1-ஐ 13-2 என்று எடுத்த அணி அன்று நல்ல நிலையில் இருக்கிறது என்ற செய்தியும் கிடைக்கிறது. அதற்கு மேப் 2 எண்ணில் இரண்டு மூன்று சென்ட் நகர்த்தலாம். பத்து சென்ட் நகர்த்துகிறவர்கள்தான் அதிகம். எதிரணியின் சொந்தத் தேர்வான மேப் அடுத்து வருகிறது என்பதை ஆரவாரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

மேப் ஓடிக்கொண்டிருக்கும்போது

பாதியில் 7-5. தொடக்கப் பக்கம் தெரியாமல் இந்த ஸ்கோருக்குப் பொருளே கிடையாது. நியூக் நெடுங்காலமாக சிடி (தற்காப்பு) பக்கம் சாயும் மேப். சமமான இரண்டு அணிகள், அங்கே சிடி பக்கம் 55 சதவீத ரவுண்டுகளை எடுக்கிறது என்று வையுங்கள். சிடியில் தொடங்கி 7 எடுத்த அணிக்கு இரண்டாவது பாதியில் 12 ரவுண்டில் 6 வேண்டும், ஆனால் இப்போது ஒவ்வொன்றிலும் வாய்ப்பு 45தான். 6 அல்லது அதற்கு மேல் எடுக்கும் வாய்ப்பு 47 சதவீதம். சரியாக 5 எடுத்து, 12-12 ஆகி ஓவர்டைம் (கூடுதல் ரவுண்டுகள்) போவது 22 சதவீதம், அதில் பாதி. மொத்தம் 58. பக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் எல்லா ரவுண்டும் 50-50 என்று போட்டால் 71 வரும். இந்த 13 சென்ட் வித்தியாசம் ஒரு ஸ்கோர்போர்டுக்குள் ஒளிந்திருக்கிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது வீரர்கள் ஆட்டத்துக்குள் ஆயுதம் வாங்கும் பணம். இரண்டு பாதியும் 800 டாலரில் தொடங்குகின்றன. தொடர்ந்து தோற்றால் தோல்விப் பணம் 1,400-இல் தொடங்கி 3,400 வரை ஏறும். ஏகே ரைஃபிள் 2,700, ஏடபிள்யூபி ஸ்னைப்பர் துப்பாக்கி 4,750. 8-8 என்று ஸ்கோர் நிற்கும்போது ஒரு அணியிடம் ஐந்து ரைஃபிளும் கையிருப்பும், மற்றதிடம் இந்த ரவுண்டு போனால் ஈக்கோதான் (எதுவும் வாங்காமல் பணம் சேர்க்கும் ரவுண்டு) என்ற நிலையும் இருந்தால், ஸ்கோர் சமம். நிலைமை சமம் இல்லை. ஃபோர்ஸ் பை செய்த (பணம் போதாமலே இருந்ததை எல்லாம் செலவழித்து வாங்கிய) அணி ஒரு ரவுண்டை அடித்துவிட்டால் விலை துள்ளும். அந்த நேரத்தில் எதிரணியின் கையிருப்பைப் பாருங்கள். அவர்கள் மறுபடி முழுதாக வாங்க முடிந்தால் அந்தத் துள்ளலில் பாதி அடுத்த இரண்டு ரவுண்டில் இறங்கும். ஓவர்டைமில் எல்லோருக்கும் போதிய பணம் கொடுக்கப்படும், 6 ரவுண்டில் முதலில் 4 எடுப்பவர் வெற்றி. அங்கே பொருளாதாரச் சாதகம் துடைக்கப்பட்டுவிடுவதால் விலை 50-ஐ நோக்கி வர வேண்டும். பின்னால் இருந்து எட்டிப்பிடித்த அணிக்கு ‘வேகம்’ என்று 60 கொடுப்பதற்குக் காரணம் போதாது.

இவ்வளவு சொன்ன பிறகும், நேரலையில் ஆர்டர் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒளிபரப்பு தாமதமாகத்தான் வருகிறது. போட்டி நடத்துபவர்கள் வேண்டுமென்றே வைக்கும் தாமதத்தோடு ஸ்ட்ரீமிங் தளத்தின் தாமதமும் சேரும். அரங்கில் இருப்பவருக்கும் அதிகாரப்பூர்வ தரவு ஊட்டம் வாங்கியவருக்கும் ரவுண்டின் முடிவு உங்களுக்கு முன்பே தெரியும். உங்கள் லிமிட் ஆர்டர் நிறைவேறியது என்றால், பெரும்பாலும் உங்களுக்கு எதிராக ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். நேரலையில் கைவைத்தே ஆக வேண்டும் என்றால் பாதி இடைவேளை, தொழில்நுட்ப இடைநிறுத்தம், மேப்புகளுக்கு இடையேயான நேரம் ஆகிய மூன்றில் மட்டும்.

வாலரன்ட், டோட்டா, லீக்

வாலரன்டில் முதலில் 13, ஆனால் 12-12 ஆனால் இரண்டு ரவுண்டு வித்தியாசம் வேண்டும். மேப் தொகுப்பு அடிக்கடி சுழலும். ஏஜென்ட் (வீரர் எடுக்கும் பாத்திரம்) மாற்றங்கள் ஒரு மேப்பின் சமநிலையையே புரட்டும். அதனால் ஒரே பேட்ச்சுக்குள் (விளையாட்டின் ஒரே பதிப்புக்குள்) நடந்த ஆட்டங்களுக்கு இரட்டை எடை கொடுங்கள்.

டோட்டா 2-இலும் லீக்கிலும் ‘மேப்’ என்பது தொடரில் எத்தனையாவது கேம் என்ற வெறும் எண். நிலப்பரப்பு ஒன்றுதான், வீட்டோவின் இடத்தில் ட்ராஃப்ட்டும் (அணிகள் மாறி மாறிப் பாத்திரங்களைத் தேர்வதும் நீக்குவதும்) பக்கத் தேர்வும் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே மேப் வாரியான வெற்றி விகிதம் தேடிப் பயன் இல்லை. ட்ராஃப்ட் ஓடும் நிமிடங்களில்தான் விலை நகரும், அதைப் படிக்கத் தெரியாவிட்டால் அந்த நேரத்தில் ஆர்டர் வைத்திருக்கக் கூடாது. லீக்கில் 2025 முதல் ஃபியர்லெஸ் ட்ராஃப்ட்: தொடரில் ஒருமுறை எடுத்த சாம்பியனை (பாத்திரத்தை) மறுபடி எடுக்க முடியாது. ஐந்தாவது கேமுக்கு வரும்போது பழக்கமான தேர்வுகள் எல்லாம் தீர்ந்திருக்கும். இரண்டே சாம்பியனில் மின்னும் வீரரைக் கொண்ட அணி முதல் கேமில் பெறும் விலையை நான்காவது, ஐந்தாவது கேமில் பெறக் கூடாது.

எவ்வளவு போடுவது

நியூக் என்று வீட்டோ வந்தது, உங்கள் எண் 66, கட்டணத்தோடு விலை 60.7. கையிருப்பில் எத்தனை சதவீதம் போடலாம் என்று சொல்லும் கெல்லி சூத்திரப்படி 0.66-இலிருந்து 0.607-ஐக் கழித்து 0.393-ஆல் வகுத்தால் 13.5 சதவீதம். அதைப் போடாதீர்கள், சூத்திரம் உங்கள் 66 துல்லியம் என்று நம்புகிறது. கால் பங்கு, 3.4 சதவீதம். கணக்கில் 200 டாலர் இருந்தால் சுமார் 6.7 டாலர், 59 சென்ட்டில் 11 ஒப்பந்தம். மெல்லிய மேப் சந்தையில் அதற்கு மேல் நல்ல விலைக்குக் கிடைப்பதும் கடினம்.

ஒரே தொடரில் அ அணியை மேப் 1, மேப் 2, ஆட்டம் என்று மூன்று இடத்தில் வாங்கினால் அது மூன்று பந்தயம் ஆகாது. அன்று அந்த அணி சொதப்பினால் மூன்றும் சேர்ந்தே போகும். மூன்றின் மொத்தத்தையும் ஒரே ஸ்டேக்காக எண்ணுங்கள். கணக்கில் போடும் பணம் முழுவதும் போனாலும் வாழ்க்கையில் எதுவும் நிற்காத தொகையாக இருக்கட்டும். தோற்ற மேப்பை அடுத்த மேப்பில் ஈடுகட்ட ஸ்டேக்கை உயர்த்தும் எண்ணம் வந்தால் அன்றைக்குத் திரையை மூடிவிடுங்கள்.

கீழ்மட்டப் போட்டிகளில் இன்னொரு ஆபத்து. 2014 ஆகஸ்டில் ஐபைபவர், நெட்கோட்கைட்ஸ் அணிகள் ஆடிய கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆட்டம் விலைபேசித் தோற்கப்பட்டது என்று வெளியே வந்து, 2015 ஜனவரியில் வால்வ் ஏழு பேரைத் தடை செய்தது. ஒற்றை மேப்பைத் தோற்பது ஒரு தொடரையே தோற்பதைவிட எளிது, கண்ணில் படுவதும் குறைவு. பரிசுத்தொகை சொற்பமான இணையப் போட்டியில், காரணமே இல்லாமல் ஒரு மேப்பின் விலை 15 சென்ட் நகர்ந்தால் அதை மலிவு என்று நினைத்து எதிர்ப்பக்கம் போகாதீர்கள். வீரர், பயிற்சியாளர், அணி ஊழியர், அவர்களோடு பயிற்சி ஆடுபவர் என்று உள்விவரம் தெரிந்த எவரும் இந்தச் சந்தையில் கைவைக்கவே கூடாது.

பதிவேடு

ஒவ்வொரு மேப்புக்கும் ஒரு வரி: தேதி, அணிகள், மேப், யாருடைய தேர்வு, தொடக்கப் பக்கம், விலையைப் பார்க்கும் முன் நீங்கள் போட்ட எண், வாங்கிய விலை, மேப் தொடங்கும் நொடியில் இருந்த விலை, முடிவு. வாங்காமல் விட்ட மேப்புகளையும் எழுதுங்கள். அவைதான் உங்கள் எண்ணின் தரத்தை நேர்மையாகச் சொல்லும்.

மதிப்பெண்ணுக்கு ப்ரையர் அளவு போதும். வென்றால் முடிவு 1, தோற்றால் 0; உங்கள் எண்ணுக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். 0.66 போட்டு வென்றால் 0.116, தோற்றால் 0.436. குறைவாக இருந்தால் நல்லது. தொடக்க விலைக்கும் இதே கணக்கைப் போட்டு, இரண்டின் சராசரியையும் பக்கத்தில் வையுங்கள். சந்தையின் சராசரி உங்களுடையதைவிடக் குறைவாக இருந்தால் நீங்கள் இன்னும் தாளில்தான் ஆட வேண்டும்.

100 மேப்பில் வெற்றி விகிதத்தின் இயல்பான ஊசலாட்டமே மேலும் கீழும் 5 சதவீதப் புள்ளி. அதனால் முப்பது மேப்பில் லாபமா நட்டமா என்பதில் படிக்க ஒன்றும் இல்லை. அதற்குள் பயன்படும் அளவுகோல் ஒன்றுதான்: நீங்கள் வாங்கிய விலை, மேப் தொடங்கும்போது இருந்த விலையைவிடச் சராசரியாகக் குறைவாக இருந்ததா? 59-க்கு வாங்கியது 63-இல் தொடங்கியிருந்தால், அந்த மேப் தோற்றிருந்தாலும் அந்த வரியில் செய்த வேலை சரி. 59-க்கு வாங்கியது திரும்பத் திரும்ப 56-இல் தொடங்கினால், வீட்டோவிலிருந்து மறுபடி தொடங்குங்கள்: பெரும்பாலும் தேர்வு வரிசையோ, எப்போதும் நீக்கும் மேப்போ, கற்பனை ஆட்டங்களின் எண்ணிக்கையோ, இந்த மூன்றில் ஒன்றில் பிழை இருக்கும்.